பூட்டி நிறுத்திய காருக்குள் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து பேர் உட்காரும் ஹேட்ச்பேக் கார். சன்ரூஃப் இல்லாத மாடல். காலையில் கதவைத் திறந்தால் எல்லாக் கண்ணாடியிலும் உள்பக்கம் ஆவி படிந்து கிடக்கிறது, முன்கண்ணாடியில் அது துளியாகத் திரண்டு டாஷ்போர்டில் வழிகிறது என்பதுதான் புகார். துடைத்துவிட்டு வண்டியை எடுத்தால் கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடி மங்குகிறது. மழை பெய்தால் ரொம்ப மோசம். மழை விட்டுப் பல நாள் ஆன பிறகும் முழுசாகத் தீர்வதில்லை. போதாததற்கு, ஏறி உட்கார்ந்ததும் ஒரு முடை நாற்றம்.

என்னிடம் வருவதற்கு முன்பே இதற்காகப் பல வேலைகள் நடந்திருந்தன. முன்பயணி காலடியில் கால்மிதிக்குக் கீழே ஈரம் இருந்ததால் ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டி, அதில் காற்றடித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள், டாஷ்போர்டில் வாசனை டப்பா. எதுவும் பலிக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் கேட்ட கேள்விகள்

ஆவி படிவது உள்பக்கமா வெளிப்பக்கமா? விரலால் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆனால் பலர் பார்ப்பதில்லை. வெக்கையும் ஈரமுமான நாளில் ஏசியின் குளிர்காற்று முன்கண்ணாடியில் நேராக அடித்தால், கண்ணாடி குளிர்ந்து வெளிக்காற்றின் ஈரம் வெளிப்பக்கம் படியும். அதற்கு வைப்பரை ஒரு தடவை ஓட்டி, காற்றுத் திசையை மாற்றி, ஏசியின் குளிரைக் கொஞ்சம் குறைத்தால் போதும். அது கோளாறே இல்லை. இந்த வண்டியில் படிந்தது உள்பக்கம்.

அடுத்த கேள்விதான் முக்கியம். ஆட்கள் ஏறி ஓட்டும்போது மட்டும் மங்குகிறதா, அல்லது யாரும் இல்லாமல் பூட்டி நிறுத்திய வண்டியிலும் காலையில் ஆவி இருக்கிறதா? ஒரு ஆளின் மூச்சும் தோலும் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 50 கிராம் ஈரத்தை வெளியே விடும். நான்கு பேர் ஏறி, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி வைத்தால் எந்த வண்டியிலும் கண்ணாடி மங்கத்தான் செய்யும். அது காற்றோட்டப் பிரச்சினை. ஆளே இல்லாத வண்டியில் காலைதோறும் கண்ணாடி நனைந்திருந்தால், உள்ளே எங்கேயோ தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். இந்த வண்டியில் இரண்டும் இருந்தன. இரண்டாவதைத் தீர்க்காமல் முதலாவதைத் தொடுவதில் பயனில்லை.

உரிமையாளருக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. "ராத்திரி பனி விழுதுல்ல, அதுதான் உள்ளே வந்துடுதோ அண்ணே?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. இந்த அளவு வண்டிக்குள் இருக்கும் காற்று சுமார் 3 கன மீட்டர். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 13 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தாங்கும். மாலையில் உள்ளே இருந்த காற்று முழுக்க முழுக்க ஈரமாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இரவில் இந்தப் பத்து டிகிரி குளிரும்போது அது கண்ணாடியில் விடக்கூடியது 30 கிராம் தண்ணீர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி.

கணக்கோடு நிறுத்தாமல் அளந்தும் பார்த்தோம். காய்ந்த பருத்தித் துணி ஒன்றைச் சமையலறைத் தராசில் எடை போட்டுக்கொண்டு, காலையில் எல்லாக் கண்ணாடியையும் அதே துணியால் துடைத்து மறுபடி எடை போடச் சொன்னேன். வித்தியாசம் 100 கிராமைத் தாண்டியது. மறுநாள் மழையே இல்லை, அன்றும் கிட்டத்தட்ட அதே அளவு. காற்றில் இருந்த ஈரம் மட்டும் இப்படி நாள் தவறாமல் வர வழியில்லை. பகலில் வெயில் எதையோ ஆவியாக்குகிறது, இரவில் அது கண்ணாடியில் திரும்பப் படிகிறது. மெல்லிய கண்ணாடி இரவு வானத்துக்கு வெப்பத்தை விட்டு, துணியும் பஞ்சும் ஒட்டிய மற்ற பரப்புகளைவிட வேகமாகக் குளிர்வதால், ஈரம் முதலில் அங்கே போய் ஒட்டுகிறது. ஆக, தேட வேண்டிய இடம் கண்ணாடி இல்லை, தரை.

ஈரம் இருந்த இடமும் நீர் நுழைந்த இடமும்

தரையில் தண்ணீர் என்றால் சந்தேகப் பட்டியல் நீளமானது. ஹீட்டருக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர் கசியலாம். ஏசியின் கூலிங் காயிலில் இருந்து வடியும் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே வழியலாம். வைப்பருக்குக் கீழே இருக்கும் தொட்டியில் இலை அடைத்து, மழைநீர் காற்று உள்ளே வரும் வழியாக இறங்கலாம். கதவு, டிக்கி, பின்விளக்கின் ரப்பர், கூரை ஆன்டெனாவின் அடி, மாற்றி ஒட்டிய முன்கண்ணாடியின் ஓரம், வயர் போகும் ஓட்டையின் ரப்பர் என்று எது வேண்டுமானாலும் காரணமாகலாம். எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பதைவிட, எது இல்லை என்று மளமளவென்று தள்ளிவிடுவது சுலபம்.

ஹீட்டர் கசிந்தால் அது வெறும் தண்ணீராக இருக்காது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டாக இருக்கும். இனிப்பான வாசனை வரும், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் ஒட்டும், கூலன்ட் மட்டம் குறைந்துகொண்டே போகும். இங்கே மூன்றும் இல்லை. தள்ளிவிட்டோம்.

ஏசியை அவ்வளவு சீக்கிரம் தள்ள முடியவில்லை. முன்பயணி காலடி ஈரம் என்றால் கைதேர்ந்தவர்களும் முதலில் அதைத்தான் சொல்வார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சோதனை எளிது. வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஏசியை நன்றாக ஓடவிட்டு, கீழே தரையைப் பார்க்க வேண்டும். ஈரப்பதமான நாளில் சில நிமிடங்களில் சொட்டத் தொடங்கும். சொட்டவே இல்லை என்றால் தண்ணீர் வேறெங்கோ போகிறது. இந்த வண்டியில் தாராளமாகச் சொட்டியது. அதற்கு மேல், ஏசியே போடாமல் நிறுத்தி வைத்திருந்த நாட்களில் மழை பெய்தபோதும் ஈரம் கூடியிருந்தது என்று உரிமையாளர் சொன்னார். ஏசிக்கும் மழைக்கும் தொடர்பு கிடையாது. அதுவும் போயிற்று.

வைப்பருக்குக் கீழே உள்ள தொட்டியில் கொஞ்சம் சருகு இருந்தது. அதை அள்ளிவிட்டு ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். முன்சக்கரத்துக்குப் பின்னால் தடையில்லாமல் வடிந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

இதற்குப் பிறகுதான் கார்ப்பெட்டைச் சரியாகப் பார்த்தோம். மேலே கையை வைத்தால் எல்லா இடமும் கிட்டத்தட்ட காய்ந்ததாகவே தெரியும். கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தத்தைக் குறைக்க வைத்திருக்கும் கனமான பஞ்சு ஒன்று இருக்கிறது, லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே ஒன்றுமே காட்டாது. கதவுப் படியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் பட்டியைக் கிளப்பி, ஓரமாகக் கையை உள்ளே விட்டு அழுத்தினேன். முன்பயணி பக்கம் பஞ்சு ஈரம். அதே பக்கம் பின்சீட்டுக் காலடியில் அழுத்தியபோது விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கி வந்தது. முன்னால் இருந்ததைவிடப் பின்னால்தான் அதிகம்! ஓட்டுநர் பக்கம் இரண்டு இடமும் காய்ந்திருந்தன.

அப்படியானால் முன்னால் ஏன் ஈரம்? வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டேன். வாகனம் நிறுத்துமிடத்தின் சரிவில், மூக்கு கீழே பார்த்தபடி. கதவுப் படியை ஒட்டி வயர் கட்டு ஓடுவதற்கு ஒரு பள்ளம் இருக்கிறது. பின்னால் நுழைந்த தண்ணீர் இரவெல்லாம் அந்தப் பள்ளம் வழியாக முன்னால் இறங்கி, முன்பயணி காலடியில் தேங்கியிருக்கிறது. முன்னால் தேடியவர்கள் ஏசியைச் சந்தேகப்பட்டதற்கு இந்தச் சரிவுதான் காரணம். ஈரம் கிடக்கும் இடத்தை நீர் நுழையும் இடமாக எடுத்துக்கொள்வதில்தான் இந்த வேலையில் பாதிக் காலமும் காசும் வீணாகிறது. வண்டி எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஹோஸ் சோதனை

தேடும் இடம் இப்போது அந்தப் பக்கத்துப் பின்கதவளவுக்குச் சுருங்கிவிட்டது. மீதியைத் தோட்டத்து ஹோஸ் பைப் காட்டிவிடும், ஆனால் அதைப் பிடிக்கும் விதம் முக்கியம். வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் கூடவே கூடாது. மழையில் என்றைக்கும் கசியாத ரப்பரையும் அது தாண்டிவிடும், பிறகு எது உண்மையான கசிவு என்றே தெரியாமல் போகும். மெல்லிய ஓட்டத்தில், கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் நனைத்து, குற்றவாளி கூட்டத்தில் கலந்துவிடும். ஒருவர் வெளியே, ஒருவர் டார்ச்சோடு உள்ளே. உள்ளே இருப்பவர் காய்ந்த டிஷ்யூவைக் கதவின் கீழ் ஓரத்திலும் படி ஓரத்திலும் வரிசையாகச் சொருகி வைத்துக்கொள்ளலாம். நனைந்த டிஷ்யூ நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

கதவின் கீழ்ப்பாதியில் அடித்தோம், எதுவும் இல்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் மேல் அடித்தோம், அதுவும் சுத்தம். கண்ணாடியின் மேல் தண்ணீரை விட்டு, அது கண்ணாடி கதவுக்குள் இறங்கும் பிளவு வழியாகப் போகும்படி பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையான டோர் பேடின் கீழ் ஓரத்தில் ஒரு துளி திரண்டது. அது நழுவி, படியின் மேல் விழாமல் படிக்கு உள்பக்கம், நேராகக் கார்ப்பெட்டின் மடிப்புக்குள் இறங்கியது. அடுத்தது. அடுத்தது. கதவு மூடியிருக்கும்போது பேடின் கீழ்முனை பீடிங்கைத் தாண்டி வண்டிக்குள் நிற்கிறது, அதனால் அங்கே சொட்டும் எதுவும் தரையில்தான் சேரும்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் வண்டி வைத்திருக்கும் பலருக்கு இது புதிதாக இருக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடியை ஒட்டி வெளியே தெரியும் ரப்பர் பட்டி பெருவாரியான நீரை வழித்துவிடும், அவ்வளவுதான், அது முழு அடைப்பு இல்லை. உள்ளே போன தண்ணீர் கதவின் கூட்டுக்குள் வழிந்து, அடியில் இருக்கும் வடிகால் துளைகள் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். அதை இந்தப் பக்கம் வராமல் தடுப்பது, டோர் பேடுக்குப் பின்னால் கதவுத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட். சில வண்டிகளில் அது நுரைத்தாளாக இருக்கும். சுற்றிலும் பியூட்டில் என்னும் கருப்புப் பிசின் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கதவின் ஈரப்பாதிக்கும் காய்ந்த பாதிக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர் அதுதான்.

பேடைக் கழற்றினோம். ஷீட்டின் மேல்பாதி நன்றாக ஒட்டியிருந்தது. கீழ் ஓரத்தில் ஒரு முழம் நீளத்துக்குப் பிசின் மேல் மண்ணும் நூலும் ஒட்டி, பிடிப்பே இல்லாமல் கிடந்தது. ஒரு மூலை உள்பக்கமாக மடங்கி, கீழே விழும் தண்ணீரை ஏந்தி பேடின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு மூலையில் சாதாரண செல்லோ டேப், அதுவும் பாதி உரிந்து தொங்கியது. உரிமையாளருக்கு அப்போதுதான் நினைவு வந்தது: "ஆமா அண்ணே, கண்ணாடி ஏறாம நின்னுபோச்சுன்னு இந்தக் கதவை ஒரு தடவை கழட்டினாங்க." பவர் விண்டோ வேலை நன்றாகவே செய்யப்பட்டிருந்தது. ஷீட்டைத் திரும்ப ஒட்டுவதில்தான் அவசரம் காட்டியிருக்கிறார்கள்.

ஒட்டுவதும் உலர்த்துவதும்

பழைய பியூட்டிலை எடுக்க நல்ல வழி, அதே பிசினில் ஒரு உருண்டையை எடுத்து மிச்சத்தின் மேல் ஒற்றி ஒற்றி இழுப்பது. தானே சேர்ந்து வந்துவிடும். மிஞ்சிய கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, தகட்டை நன்றாகக் காயவிட்டோம். ஈரத் தகட்டில் எந்தப் பிசினும் நிற்காது. ஷீட் கிழிந்திருக்கவில்லை என்பதால் அதையே பயன்படுத்தினோம். புது பியூட்டில் டேப்பை இடைவெளி விடாமல், கீழ் ஓரத்தில் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி அழுத்தினோம். ஷீட்டின் கீழ்முனை, தகட்டில் அதற்கென இருக்கும் பிளவுக்குள் போய்க் கதவின் உள்பக்கம் தொங்க வேண்டும். அப்போதுதான் ஷீட்டின் மேல் வழியும் நீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழும். ஒயரும் கைப்பிடிக் கேபிளும் ஷீட்டைத் துளைத்து வரும் இடங்களில் பியூட்டிலைப் பிசைந்து சுற்றி வைத்தோம். கதவின் அடித்துளைகளையும் ஒரு பிளாஸ்டிக் கம்பியால் கிளறிவிட்டோம்.

சிலிக்கோனைப் பிழிந்து ஒட்டிவிடலாமே என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். புளிப்பு வாசனை அடிக்கும் வகைச் சிலிக்கோன் உலரும்போது அசெட்டிக் அமிலத்தை விடும், தகட்டுக்கு அது நல்லதில்லை. அடுத்த முறை கதவைத் திறக்கும்போது ஷீட் கிழிந்துதான் வரும், சிலிக்கோன் கறை இருந்த இடத்தில் பியூட்டிலும் பிறகு பிடிக்காது.

பேடை மாட்டுவதற்கு முன்பே, ஷீட் வெறுமையாகத் தெரியும்போதே, அதே ஹோஸ் சோதனையைத் திரும்பச் செய்தோம். கதவின் அடித்துளைகளில் தண்ணீர் ஒழுகியது. ஷீட்டின் இந்தப் பக்கம் காய்ந்திருந்தது.

கசிவை அடைத்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. பஞ்சில் ஊறிய தண்ணீர் உள்ளேயே இருக்கும்வரை கண்ணாடி மங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு கிலோ சிலிக்கா ஜெல் நன்றாக ஈரமான காற்றில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 300 கிராம் சொச்சம் தண்ணீரைத்தான் பிடிக்கும். லிட்டர் கணக்கில் ஊறிய பஞ்சுக்கு எதிரில் அது எந்த மூலைக்கு? காய்ந்த வண்டியைக் காய்ந்தபடி வைத்திருக்க அது உதவும், அதுவும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்திப் போட்டால்.

வெயிலில் நிறுத்துவதும் கண்ணாடியை மூடியபடி செய்தால் வீண். தண்ணீர் பஞ்சிலிருந்து காற்றுக்கு வரும், இரவில் கண்ணாடிக்குப் போகும், காலையில் வழிந்து மறுபடி தரைக்கு வரும். தண்ணீர் வண்டியை விட்டு வெளியே போக வழி இருக்க வேண்டும்.

அதனால் முன்சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைக் கிளப்பினோம். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிறக் கனெக்டர் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். திரும்ப மாட்டும்வரை சாவியைப் போடவே கூடாது. இதில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது. பஞ்சை முதலில் ஈரம் உறிஞ்சும் வாக்வம் கிளீனரால் இழுத்தோம். வாளியில் சேர்ந்த கலங்கல் தண்ணீரைப் பார்த்தபோது உரிமையாளர் பேசவே இல்லை. பிறகு கார்ப்பெட்டுக்கு அடியில் கட்டை வைத்துத் தூக்கி, கதவுகளைத் திறந்து, மின்விசிறியின் காற்று அடியில் புகுந்து மறுபக்கம் வரும்படி வைத்தோம். மேலே காய்ந்ததும் போதும் என்று தோன்றும். நடுப்பஞ்சில் டிஷ்யூவை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்து, அது காய்ந்தபடி வந்தால்தான் கணக்கு. தரைத் தகட்டில் சீட் போல்ட்டைச் சுற்றித் துரு தொடங்கியிருந்தது. தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்தோம். வயர் கனெக்டர் ஒன்றில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது, அதையும் சுத்தம் செய்தோம். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் ஆவிப் பிரச்சினை மின்கோளாறாக மாறியிருக்கும்.

ஓடும்போது மங்கியதற்கு

பிறகுதான் காற்றோட்டம். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் சாம்பல் நிறத்தில் கட்டியாகியிருந்தது, மாற்றினோம். உள்காற்றுப் பொத்தான் எப்போதும் அழுத்தியே இருக்கும் பழக்கத்தை விடச் சொன்னேன். கண்ணாடியைத் தெளிவாக்க ஏசியும் சூடும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும் என்பது பலருக்கு விசித்திரமாகப் படும். குளிர்ந்த காயிலைத் தாண்டும்போது காற்று ஈரத்தை அங்கே விட்டுவிடுகிறது. சூடானதும் இன்னும் நிறைய ஈரத்தை வாங்கத் தயாராகிறது. வெளிக்காற்று, ஏசி, மிதமான சூடு, முன்கண்ணாடிக்குக் காற்று: இதுதான் சேர்க்கை. உள்கண்ணாடியில் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகி ஒட்டிய எண்ணெய்ப் படலம் இருந்தால் துளிகள் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கும் என்பதால், அதையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டோம்.

சரி பார்க்க, படி ஓரத்தில் நான்கு மூலைகளிலும் மடித்த டிஷ்யூவை விட்டு வைத்தோம். டாஷ்போர்டில் ஒரு சிறிய ஈரப்பதமானி. அடுத்து வந்த கனமழைக்குப் பிறகு டிஷ்யூக்கள் நான்கும் மொறுமொறுவென்று இருந்தன. காலையில் பின்கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் மெல்லிய மங்கல், கதவைத் திறந்து வைத்ததும் போய்விட்டது. அந்த அளவு எந்த வண்டிக்கும் வரும்.

இதே அறிகுறிகள் இருந்து, கதவுப் படி ஓரம் காய்ந்திருந்தால் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியை முதலில் பாருங்கள். பின்விளக்கின் ரப்பரும் டிக்கிக் கதவின் பீடிங்கும் கசிந்தால் அங்கேதான் தேங்கும். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் மூலைகளில் இருக்கும் வடிகால் ஓட்டைகளில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி, அது வண்டிக்கு வெளியே கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி ஏறவில்லை, ஸ்பீக்கர் மாற்ற வேண்டும், பூட்டு வேலை செய்யவில்லை என்று எதற்காகக் கதவைக் கழற்றினாலும், பேடை மாட்டுவதற்கு முன் ஷீட்டின் கீழ் ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.